திருகோணமலையிலிருந்து குயர் கோட்பாடு படிக்கப் போவதென்றால்: கொழும்பா, ஹைதராபாத்தா, பிரைட்டனா?

பாலியல்பும் (யார்மேல் ஆசை என்பது) பால்நிலையும் (ஆண், பெண் என்ற சமூக அடையாளம்) பற்றி, இவற்றில் எது ‘இயல்பு’ என்பதையே கேள்வி கேட்கிற குயர் கோட்பாட்டோடு சேர்த்து, முதுநிலையில் படிக்க வேண்டும் என்று திருகோணமலையில் ஒருவர் ஆசைப்பட்டால், ஊரில் இருந்துகொண்டே அதைச் செய்வது கஷ்டம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ள பீடங்கள் தொடர்பாடல் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று வேறு பக்கம் போகின்றன. ஆகவே எப்படியும் வெளிக்கிடத்தான் வேண்டும். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது: உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, இந்தியா, அல்லது பிரித்தானியாவும் ஐரோப்பாவும். கேட்டு வருகிற பிள்ளைகளில் பலர் தரவரிசையையும் புலமைப்பரிசிலையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் வேறொன்றை முதலில் பார்க்கச் சொல்வேன். நீங்கள் கேட்க விரும்புகிற கேள்வி எந்த மண்ணில் நிற்கிறது? அதற்காக உங்களோடு உட்கார்ந்து யோசிக்கக்கூடிய மேற்பார்வையாளர் எங்கே இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மற்றக் கணக்கெல்லாம் அதன் பின்னால் வரும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று வழியையும் அளந்து பார்க்கலாம். கிழக்கில் வீடு மகளுக்குப் போகும். கலியாணம் கட்டினால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்துப் பல பத்தாண்டுகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சரி, கலியாணமே கட்டாத மகளுக்கு அந்தச் சீதன வீடு என்னாகும்? இன்னொரு பெண்ணோடு வாழ நினைக்கிற மகளுக்கு? மகனாகப் பிறந்ததாக எழுதப்பட்டு, பெண்ணாக வாழ்கிற பிள்ளைக்குத் தாய் வீடு எழுதிக் கொடுப்பாரா? மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் போய்க் கேட்க வேண்டிய கேள்வி இது. குடும்பம், சொத்து, ஆசை மூன்றும் ஒரே ஓட்டுக்குக் கீழே வந்து நிற்கிற இடம். குயர் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோட்பாடு பிறந்த இடம் வேறு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ பாலியல்பின் வரலாறு பற்றிய தன் நூலின் முதல் பாகத்தை 1976-இல் பாரிஸில் வெளியிட்டார். ‘குயர் கோட்பாடு’ என்ற பெயரை, 1990-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் நடந்த மாநாடு ஒன்றுக்குப் பேராசிரியர் தெரேசா டி லாரெட்டிஸ் வைத்தார். அமெரிக்கக் கோட்பாட்டாளர்கள் ஜூடித் பட்லர், ஈவ் செட்ஜ்விக் இருவரின் அடிப்படை நூல்களும் அதே 1990-இல்தான் வந்தன. ஆணும் பெண்ணும் என்ற பிரிவு எப்படித் திரும்பத் திரும்ப நடித்துக்காட்டி நிலைநிறுத்தப்படுகிறது, எது இயல்பு என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். இவற்றை எங்கே படித்தாலும் படித்துத்தான் ஆக வேண்டும். அதைச் சீதன வீட்டோடு மோதவிட்டுப் பார்க்க எந்த இடம் உங்களுக்கு நேரமும் துணையும் தரும் என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதலில் பிரித்தானியா. இந்தத் துறைக்கென்றே நீண்டகாலமாக முதுகலை நடத்துகிற இடம் சசெக்ஸ் பல்கலைக்கழகம், பிரைட்டன் நகருக்குப் பக்கத்தில். ‘செக்ஷுவல் டிசிடன்ஸ்’ (பாலியல் மறுப்பு) என்பது பட்டத்தின் பெயர். ஜொனாதன் டொலிமோரும் அலன் சின்ஃபீல்டும் 1991-இல் அதைத் தொடங்கினார்கள். லண்டனில் எஸ்ஓஏஎஸ் (கீழைத்தேய, ஆபிரிக்கக் கற்கைகள் கல்லூரி), எல்எஸ்இ (லண்டன் பொருளியல் கல்லூரி) இரண்டிலும் பால்நிலையையும் பாலியல்பையும் சேர்த்துப் படிக்கிற முதுநிலைப் பட்டங்கள் உண்டு. ஆசிய, ஆபிரிக்க நாடுகளை மையமாக வைத்துப் பேசுவதால் எஸ்ஓஏஎஸ் நம்மவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கம்.

அங்கே கிடைப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு தலைப்பு, அதற்கென்று படித்துவிட்டு வருகிற பத்துப் பதினைந்து பேர், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசுகிற வகுப்பு. வாய்விட்டுச் சொல்லவே பயந்த விஷயத்தை ஒரு பாடமாக, எல்லோரும் தலையாட்டிக் கேட்கிற விஷயமாக முதல் தடவை கேட்கும்போது ஒரு மனிதருக்குள் என்ன நடக்கும் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதற்காக மட்டுமே ஒருவர் போனாலும் நான் நியாயம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் நேரம் பன்னிரண்டு மாதம்தான். செப்டெம்பர் கடைசியில் போய் இறங்கினால், வகுப்புகள் வசந்த காலத்தோடு முடியும், ஆய்வேட்டைக் கோடை முடிவில் கொடுத்துவிட வேண்டும். இடையில் ஒழுக்கநெறி அனுமதிக்கு (ஆட்களிடம் ஆய்வு செய்யப் பல்கலைக்கழகக் குழு தரும் அனுமதி) விண்ணப்பித்து, டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்து, மூதூரில் ஒரு தாயிடம் “உங்கட மகளுக்கு வீடு குடுப்பீங்களா” என்று கேட்கிற அளவுக்குப் பழகி, திரும்பிப் போய் எழுத வேண்டும். பெரும்பாலும் நடக்காது. கடைசியில் சீதன வீடு பற்றிய கேள்வி, ஒரு நாவலையோ திரைப்படத்தையோ பற்றிய நூலக ஆய்வாகச் சுருங்கிவிடும். உங்கள் கேள்வியே இலக்கியம் பற்றியதென்றால் அது குறையே இல்லை. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவலை, ஒரு தமிழ்ச் சிறுவனின் ஆசையும் 1983 கலவரமும் ஒரே கதையில் வருகிற அந்த நாவலை, பிரைட்டனில் இருந்தபடி மிக நன்றாகவே ஆராயலாம்.

பணத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு இந்த முதுகலைகளின் கட்டணம் பொதுவாக 20,000 பவுண்டுக்கு மேலே. லண்டனில் இருக்கும் செலவு தனி. காணியை ஈடுவைத்துப் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம், பயணம், மாதச் செலவு எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய 2 ஆண்டுகள் வேண்டும். படித்து முடித்ததும் 2 ஆண்டுகளாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பட்டம் முடித்தவுடனே போக நினைக்கிறவர்களுக்கு இது கதவை மூடிவிடும். தொண்டு நிறுவனத்திலோ பாடசாலையிலோ சில வருடம் வேலை செய்தவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். இன்னொன்று: 2024 ஜனவரியிலிருந்து, பாடவழி முதுகலைக்குப் போகிறவர்கள் துணையையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போக முடியாது.

அப்புறம், யாரும் சொல்லித்தராத ஒரு கணக்கு. நாட்டில் விரிவுரையாளராக வர நினைத்தால், உங்கள் முதுகலை இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பாடவழி முதுகலை 9-ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளி (கிரெடிட்). ஆய்வும் சேர்ந்த முதுகலை 10-ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளி. முதுதத்துவமாணி (எம்.பில்) 11, கலாநிதிப் பட்டம் (பிஎச்.டி) 12. நம் சட்டகத்தில் பாடவழிப் படிப்பின் ஒரு புள்ளி என்பது 50 மணித்தியாலம். பிரித்தானிய முதுகலை 180 புள்ளி, புள்ளிக்கு 10 மணித்தியாலம், மொத்தம் 1,800. அதை 50-ஆல் வகுத்தால் 36 வருகிறது. மணித்தியாலக் கணக்கில் மட்டும் பார்த்தால், அவ்வளவு செலவழித்த பட்டம் 60-ஐத் தொடவில்லை. ஐரோப்பாவின் இரண்டாண்டு முதுகலை 120 புள்ளி, புள்ளிக்குக் குறைந்தது 25 மணித்தியாலம்; 3,000 மணித்தியாலம், அதையும் 50-ஆல் வகுத்தால் 60. பதவி விண்ணப்பத்தின்போது எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்து கேட்பதில் பயனில்லை.

அந்த இரண்டாண்டு வகையில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகம் தலைமை தாங்குகிற ஜெம்மா என்ற எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. பெண்கள் கற்கையும் பால்நிலையும்தான் பாடம். இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. வேலை அனுபவ நிபந்தனையும் செவ்னிங் போல இறுக்கமில்லை. வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பெயர் பெற்றது. அது வியன்னாவுக்கு வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. புடாபெஸ்டில் இருந்த பல்கலைக்கழகம் அது; ஹங்கேரி 2017-இல் கொண்டுவந்த உயர்கல்விச் சட்டத்தால் இடம்பெயர வேண்டி வந்தது. அதே அரசு 2018-இல் பால்நிலைக் கற்கை முதுகலைகளின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. ஆக, வெளிநாடு என்றாலே இந்தப் படிப்புக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிட முடியாது. அமெரிக்காவில் புளோரிடாவின் நியூ காலேஜ் 2023-இல் தன் பால்நிலைக் கற்கைத் திட்டத்தை மூட முடிவெடுத்தது. அமெரிக்கா முதுகலைக்கு ஏற்ற இடமும் இல்லை. அங்கே உதவிப் பணம் பெரும்பாலும் கலாநிதிப் படிப்புக்குத்தான். ஐந்தாறு வருடம் ஒதுக்கத் தயாரென்றால் பார்க்கலாம்.

இந்தியா. நம்மவர்கள் குறைத்து மதிக்கிற வழி இது என்பது என் எண்ணம். ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லியின் அம்பேத்கர் பல்கலைக்கழகம், மும்பையின் டாடா சமூக விஞ்ஞான நிறுவனம் ஆகியவற்றில் பால்நிலை அல்லது பெண்கள் கற்கையில் இரண்டாண்டு முதுகலை படிக்கலாம். பட்லரையும் ஃபூக்கோவையும் அங்கே படிப்பார்கள், ஆனால் சாதியையும் குடும்பச் சட்டத்தையும் கூட்டுக் குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பார்கள். ஆசை என்பது தனிமனிதருடைய சொந்த விஷயம் என்று தொடங்கும் வாதம், அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லோரும் கூடி முடிவெடுக்கிற வீட்டுக்குள் எப்படி நிற்கும் என்ற கேள்வி அங்கே வகுப்பிலேயே வந்துவிடும். சீதன வீட்டைப் பற்றிச் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். “எங்கள் ஊரில் இப்படி” என்று பதிலுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த உரையாடலின் பெறுமதி அதிகம்.

சட்டத்திலும் அந்த நாடு நமக்கு முன்னால் நடந்த பாதை இருக்கிறது. திருநங்கைகளுக்கான நல வாரியத்தைத் தமிழ்நாடு 2008-இல் அமைத்தது. மூன்றாம் பாலின அடையாளத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஏற்றது. 2018 செப்டெம்பர் 6-ஆம் திகதி, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை, வயது வந்தவர்களின் சம்மத உறவைப் பொறுத்தவரை, செல்லாதென்றது. இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போன வழக்கில், பாலியல் நாட்டத்தை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொல்லிச் சென்னை மேல் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. தமிழிலேயே படிக்கக் கிடைப்பவையும் உண்டு, திருநங்கைகளே எழுதியவை: ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’. ஆங்கிலத்தில் படித்த கோட்பாட்டைத் தமிழ் வாழ்க்கைக் கதையோடு வைத்துப் பார்க்க இவை இல்லாமல் முடியாது.

செலவும் தாங்கும். ஐசிசிஆர் (இந்திய அரசின் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசில்களில் இலங்கை மாணவருக்கென்றே ஒதுக்கீடு உண்டு. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். டெல்லியில் சார்க் நாடுகளுக்காக 2010-இல் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலையும் ஒரு வழி. ஆனால் அதன் சமூகவியல் துறையில் மூத்தவரான இலங்கைப் பேராசிரியர் சசங்க பெரேரா, ஒரு மாணவரின் காஷ்மீர் பற்றிய ஆய்வு முன்மொழிவைச் சுற்றி எழுந்த பிரச்சினையில் 2024-இல் விலகினார். எந்தத் தலைப்பு அங்கே எவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே மாணவர்களிடம் விசாரியுங்கள்.

இந்திய வழியின் குறையும் உண்டு. ஈழத் தமிழர் என்றால் அகதி, போர் என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிடுகிற பழக்கம் அங்கே அறிவாளிகளிடமும் இருக்கிறது. கிழக்கின் தமிழ் பேசும் முஸ்லிம் சமூகத்தைப் பற்றி அனேகமாக ஒன்றுமே தெரியாது. கிண்ணியாவைப் பற்றி நீங்கள்தான் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு விஷயம், அங்கே 2022-இலிருந்து முதுதத்துவமாணியை நிறுத்திவிட்டார்கள். முதுகலை முடித்தால் அடுத்தது நேரே கலாநிதிப் படிப்புத்தான்.

முதுதத்துவமாணி இன்னும் உயிரோடு இருப்பது நம் நாட்டில். உள்நாட்டு வழியை நான் மதிப்பதற்கு அது பெரிய காரணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சமூகவியலிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம். வேலையை விடத் தேவையில்லை. இரண்டு மூன்று வருடம் கையில் இருக்கும். துறையும் பீடமும் ஏற்றுக்கொண்டால் தமிழிலேயே எழுதலாம். கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதைப் பற்றி யோசிக்கிறவருக்கு மட்டக்களப்பில், கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தைவிட நல்ல இடம் பிரைட்டனிலும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கற்கை, மனித உரிமைகள் சார்ந்த பாடவழி முதுநிலைகள் இருக்கின்றன. இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலை கோட்டையில் இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு வார இறுதியும் அப்படிப் போய் வருவது உடம்புக்கு லேசான காரியமில்லை, அதையும் எண்ணிப் பாருங்கள்.

வேர் இல்லாத இடமும் இல்லை இது. இலங்கைத் தமிழ்ப் பெண்களின் கவிதைகளைத் தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’ 1986-இல் வந்தது. அதைக் கொண்டுவந்த சித்ரலேகா மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கொழும்பில் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ‘நிவேதினி’ இதழ் பெண்ணிய விவாதத்தைத் தமிழில் நடத்தியது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. குயர் கோட்பாடு என்ற பெயரில் தனித் துறை இல்லை, அவ்வளவுதான். அதனால் சமூகவியல், சட்டம், ஆங்கில இலக்கியம், பொதுச் சுகாதாரம் என்று ஏதோ ஒரு வாசலால் உள்ளே போக வேண்டும். எல்லாம் மேற்பார்வையாளரைப் பொறுத்தது. தலைப்பைக் கேட்டதும் ‘சமூகம் ஏற்காது’ என்று மாற்றச் சொல்கிறவரிடம் மூன்று வருடம் கழிக்க முடியாது. அப்படிப்பட்டவர் கிடைத்தால் அந்தப் பதிவையே விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கே படித்தாலும் களவேலை இந்தச் சட்டத்துக்குள்தான். 1883-இன் தண்டனைச் சட்டக்கோவையில், ஒருபால் உறவைக் குற்றமாக்கப் பயன்படுகிற 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995-இல் திருத்தம் செய்தபோது, ஆண்களை மட்டும் குறித்த 365அ-ஐப் பெண்களையும் சேர்க்கும்படி விரித்தார்கள். 365அ-இன் கீழ் 2 ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவுகளைத் திருத்தப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. சட்டம் மட்டும் மாறாமல் கிடக்கிறது.

இதன் அர்த்தம் ஒரு தாளில் தெரியும். ஆய்வில் பங்கெடுக்கிறவர் நிரப்பும் வழக்கமான சம்மதப் படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, திகதி நான்கும் இருக்கும். நிலாவெளியில் ஒரு பெண், தான் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைச் சொல்லிவிட்டு அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தால், தண்டனைக்குரியது என்று சட்டம் சொல்கிற ஒன்றை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். அந்தத் தாள் உங்கள் மேசையில் இருக்கும். ஆகவே கையெழுத்து வேண்டாம், வாய்மொழிச் சம்மதம் போதும், அடையாள அட்டை இலக்கம் எங்கேயும் எழுதப்படாது, ஒலிப்பதிவு எழுத்தாக்கியதும் அழிக்கப்படும் என்பதை ஒழுக்கநெறிக் குழு ஏற்க வேண்டும். வெளிநாட்டுக் குழுக்களுக்கு வாய்மொழிச் சம்மதம் பழக்கமானது; ஆனால் மூதூரில் யார் யாருக்குச் சொந்தம், பெயரை மாற்றினாலும் ஊரையும் தொழிலையும் எழுதினால் ஆள் யாரென்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உள்நாட்டுக் குழுவுக்கு இரண்டாவது தெரியும், முதலாவதற்கு நீங்கள் வாதாட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தாலும் இந்தக் கேள்வியை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். பதிலிலிருந்தே அந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

வளாகத்தில் தொடர்பாடல் படித்த ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள், “அக்கா, இதைப் படிச்சிட்டு வந்தா இங்க என்ன வேலை கிடைக்கும்?” நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மனித உரிமை, பெண்கள் அமைப்புகள், சட்ட உதவி, எச்ஐவி தடுப்பு, வளர்ச்சி ஆய்வு எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. ஆனால் அரச வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போடும்போது சான்றிதழில் உள்ள துறைப் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ‘சமூகவியல்’ என்றிருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. சசெக்ஸின் பட்டப் பெயரைப் பார்த்தால் நேர்முகத்தில் பத்துக் கேள்வி வரும். அந்தப் பத்துக் கேள்விக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்ல விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மனதார மதிக்கிறேன். வீட்டில் இன்னும் ஒன்றும் தெரியாத, அந்தச் சான்றிதழை அம்மா பார்த்துவிடுவாரோ என்று யோசிக்கிற பிள்ளைக்குச் சமூகவியல் வாசல்தான் பாதுகாப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: கேள்வி கிழக்கின் மண்ணில் நிற்கிறதென்றால், இந்தியாவில் இரண்டாண்டு முதுகலை, அதன்பின் உள்நாட்டில் முதுதத்துவமாணி அல்லது கலாநிதிப் பட்டம் என்ற வரிசை. கோட்பாட்டை இந்தியாவில் கற்று, களவேலையை நேரம் எடுத்து ஊரில் செய்யலாம். கேள்வி இலக்கியமோ சினிமாவோ கோட்பாடோ என்றால், முழுப் புலமைப்பரிசிலோடு சசெக்ஸ் அல்லது எஸ்ஓஏஎஸ். கற்பிக்கும் வேலைதான் இலக்கு என்றால் அவற்றுக்கு முன் ஜெம்மா. ஊரில் மூச்சுவிட முடியவில்லை, முதலில் இங்கிருந்து வெளியேற வேண்டும் என்கிறவருக்கு நான் கேள்வி, மண் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. எந்தப் புலமைப்பரிசில் முதலில் கிடைக்கிறதோ அதில் போகட்டும்.

இப்போது செய்யக்கூடியது ஒரு பக்கம் எழுதுவது: கேள்வி என்ன, யாரிடம் கேட்கப் போகிறேன், அவர்களுக்கு என்ன ஆபத்து, எந்த மொழியில் எழுதப் போகிறேன். அதை மூன்று வழியிலும் தலா இரண்டு ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். செவ்னிங் வழக்கமாக ஓகஸ்டில் திறந்து இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும்; ஐசிசிஆர் ஆண்டின் முற்பகுதியில் வரும். ஆசிரியர்கள் பதில் எழுத வாரக்கணக்கில் எடுப்பார்கள் என்பதால், அந்தப் பக்கம் ஜூலைக்குள் போய்விட வேண்டும்.